ஆதாயம் இல்லாத துணுக்கு

ஆங்கிலேயரை முதன்முதலில் எதிர்த்த பாளையக்காரர் யார்? தென்காசி, சங்கரன்கோவில் வட்டாரத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்: பூலித்தேவர், ஊர் நெற்கட்டும்செவல், ஆண்டு 1755. அந்த விடையோடு சில செய்திகளும் ஒட்டிக்கொண்டு வரும். பூலித்தேவர் இளம் வயதில் புலியை அடக்கினார். அவருடைய படைத்தலைவர் ஒண்டிவீரன் கை இழந்தும் கலங்கவில்லை. பிடிபட்ட பூலித்தேவர் சங்கரன்கோவில் சன்னதியில் மறைந்துபோனார். அவரை எதிர்த்துப் போரிட்ட கான்சாகிபு தூக்கிலிடப்பட்டதும் உடலை வெட்டி ஊருக்கு ஒரு துண்டாக அனுப்பினார்கள். திருமங்கலம்–கொல்லம் சாலையில் சிவகிரிக்கும் புளியங்குடிக்கும் இடையே உள்ள வாசுதேவநல்லூர் இந்தக் கதைகளின் நடுக்களம். இங்கிருந்த மண்கோட்டைதான் பூலித்தேவர் பக்கத்தின் பெரிய அரண்.

வரலாற்றுத் துணுக்குகள் மீது தமிழ் வாசகருக்கு உள்ள ஆசை புதிதல்ல. தமிழ்வாணனின் ‘கல்கண்டு’ துணுக்குகளைக் கொண்டே ஒரு வார இதழை நடத்த முடியும் என்று காட்டியது. இரண்டு வரியில் முடிந்து, டீக்கடையில் சொன்னால் நாலு பேரைத் திரும்பிப் பார்க்க வைக்கும் செய்திக்கு இன்றும் மவுசு குறையவில்லை. அதை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. பலருக்கு வரலாறு முதலில் அறிமுகமாவதே அப்படித்தான். ஆனால் கைமாறிக் கைமாறி வரும் செய்தியில் எது நிற்கும், எது நிற்காது என்று பிரிக்க ஓர் அளவுகோல் வேண்டும். வழக்குமன்றத்தில் ஒருவர் தனக்குப் பாதகமாகத் தானே சொல்லும் வாக்குமூலத்துக்குத் தனி மதிப்பு உண்டு. அந்தக் கேள்வியை இங்கேயும் கேட்கலாம்: இந்தச் செய்தியைச் சொன்னவருக்கு அதனால் என்ன ஆதாயம்? வாசுதேவநல்லூர்ச் செய்திகளை இந்தக் கேள்விக்கு முன்னால் நிறுத்தினால், நாம் அடிக்கடி சொல்பவை பலவீனப்படுகின்றன. யாரும் பெரிதாகச் சொல்லாத சில எழுந்து நிற்கின்றன.

முதல் என்னும் பட்டம்

‘முதல்’ என்று தொடங்கும் துணுக்குதான் ஆதாயம் மிகுந்தது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு முதல்வர் தேவைப்படுகிறார். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை முதல் விடுதலைப் போர் என்று சாவர்க்கர் எழுதினார். ஒடிசாவில் 1817இன் பைக்கா கிளர்ச்சிக்கு அந்தப் பெருமையைக் கேட்கிறார்கள். வரலாற்றாசிரியர் கே. ராஜய்யன் 1800–1801இல் தென்னாட்டில் எழுந்த கிளர்ச்சிக்கு அந்தப் பெயரைக் கொடுத்துத் தனி நூலே எழுதினார். வேலூர்க்காரர்களுக்கு 1806 இருக்கிறது. நமக்கு 1755.

மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் இந்த வரிசையே கலைந்துவிடும். திருவனந்தபுரத்துக்கு வடக்கே கடலோரத்தில் அஞ்சுதெங்கு என்ற இடத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு கோட்டை இருந்தது. 1721 ஏப்ரலில் அங்கிருந்து ஆற்றிங்கல் ராணிக்குப் பரிசுப் பொருள் கொண்டுபோன ஆங்கிலேயர் நூறு பேருக்கும் மேல் ஊர்மக்களால் கொல்லப்பட்டார்கள். மிளகு வியாபாரத்தில் கம்பெனி அதிகாரிகள் காட்டிய கெடுபிடி அதற்கு ஒரு காரணம். நெற்கட்டும்செவலுக்கு முப்பத்துநான்கு ஆண்டு முந்திய நிகழ்ச்சி இது. பூலித்தேவர் பிறந்தது 1715 என்று பொதுவாகச் சொல்வதை ஏற்றால், அப்போது அவர் சிறுபிள்ளை.

இதனால் பூலித்தேவர் ஒரு படி இறங்கிவிடுவதில்லை. அவர் செய்த காரியத்தின் கனம் வரிசை எண்ணில் இல்லை என்பதுதான் தெரிகிறது. ‘முதல்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே ஆய்வின் வேலை.

அஞ்சுதெங்கில் பிறந்தவர்

அஞ்சுதெங்கை விட்டுப் போகுமுன் இன்னொரு செய்தி. அந்தக் கலகம் நடந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1728 கிறிஸ்துமஸ் நாளில், அங்கே கம்பெனி மருத்துவர் ஒருவருக்கு மகன் பிறந்தான். அவர்தான் ராபர்ட் ஆர்ம். பூலித்தேவரைப் பற்றி அச்சில் வந்த விரிவான முதல் குறிப்புகள் அவர் எழுதிய கம்பெனிப் படை வரலாற்றில்தான் இருக்கின்றன. அதன் முதல் தொகுதி 1763இல் லண்டனில் வெளிவந்தது. இரண்டாவது 1778இல் வந்தது. லாரன்ஸ் ஸ்டெர்ன் என்ற ஆங்கில நாவலாசிரியர் உருகி உருகிக் கடிதம் எழுதிய எலைசா டிரேப்பரும் அதே அஞ்சுதெங்கில் 1744இல் பிறந்தவர். ஆங்கில இலக்கியத்திலும் இந்திய வரலாற்றிலும் இடம்பிடித்த இரண்டு பேர் ஒரு சின்ன மிளகுக் கோட்டையில் பிறந்திருக்கிறார்கள்.

ஆர்மின் பிறப்பிடத்தைவிட நமக்கு முக்கியம், அவர் எங்கே உட்கார்ந்து எழுதினார் என்பது. சென்னைக் கவுன்சிலில் உறுப்பினராக இருந்தவர், 1758இல் கப்பலேறிப் போனவர் திரும்பவில்லை. 1759இல் நடந்த வாசுதேவநல்லூர் முற்றுகையை லண்டனில் கடிதங்களையும் அறிக்கைகளையும் வைத்துக்கொண்டு எழுதினார். ஊர்ப்பெயர் அவர் கையில் ‘வாஷினெலூர்’ ஆயிற்று, நெற்கட்டும்செவல் ‘நெல்லித்தங்காவில்’ ஆயிற்று. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1881இல் திருநெல்வேலி வரலாற்றை எழுதியபோதுதான் இந்தப் பெயர்களுக்கு உரிய ஊர்கள் அடையாளம் காட்டப்பட்டன. நாம் சொல்லும் துணுக்குகளில் பாதிக்கு மூலம் இந்த இரண்டு பேர். ஒருவர் கம்பெனியின் வரலாற்றாசிரியர், மற்றவர் பாதிரியார். இருவரும் நம் பக்கத்து ஆட்கள் அல்லர் என்பதே அவர்கள் சொல்லும் சில செய்திகளுக்கு வலு. அதுவே வேறு சிலவற்றுக்குப் பலவீனம்.

1755: துபாஷி சொன்ன சேதி

1755 தொடக்கத்தில் லெப்டினன்ட் கர்னல் ஹெரான் ஐந்நூறு ஐரோப்பியரும் இரண்டாயிரம் சிப்பாய்களும் கொண்ட படையுடன் தெற்கே வந்தார். ஆர்க்காட்டு நவாப் முகமது அலிக்குச் சேர வேண்டிய கிஸ்தியைப் பாளையக்காரர்களிடம் வசூலிக்க வேண்டும். நவாபின் அண்ணன் மாபூஸ்கான் கூட வந்தார். சிப்பாய்களுக்குத் தலைமை தாங்கி வந்தவர் யூசுப்கான். அவரைத்தான் பின்னாளில் கான்சாகிபு என்றும் மருதநாயகம் என்றும் தமிழகம் பாடியது.

மே மாதம் ஹெரான் நெற்கட்டும்செவல் கோட்டைக்கு முன்னால் வந்து நின்றார். கோட்டையை உடைக்கும் பெரிய பீரங்கிகளை அதற்குள் அவர் திருப்பி அனுப்பியிருந்தார். கையில் இருந்தவை சிறு பீரங்கிகள் மட்டும். இருப்பதைக் காட்டி மிரட்டி இருபதாயிரம் ரூபாய் கேட்டார். பூலித்தேவர் அசைந்து கொடுக்கவில்லை. பெரிய பீரங்கி இல்லை, படை சீக்கிரம் போய்விடும் என்ற சேதியை ஹெரானின் மொழிபெயர்ப்பாளரான துபாஷியே உள்ளே சொல்லிவிட்டார் என்கிறார் ஆர்ம். தானியமும் தீர்ந்தது. ஹெரான் மதுரைக்குத் திரும்பினார். அங்கிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் போகும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் அவர் படையின் பின்பகுதியை மறித்தார்கள். மதுரைக்கு அருகே கோவில்குடியில் ஹெரான் எடுத்துவந்த சாமி சிலைகள் மூட்டைகளோடு வண்டியில் இருந்தன. அவற்றை மீட்டால் ஐயாயிரம் ரூபாய் தர வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தார். கள்ளர்கள் ‘சாமி, சாமி’ என்று கூவிக்கொண்டே வண்டிகளில் புகுந்து சிலைகளை எடுத்துப் போனார்கள்.

நம்மூர் மேடைகளில் இதைச் சொல்லும்போது கை தட்டல் கேட்கும். ஆனால் ஆர்ம் இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதினார்? ஹெரான் திரும்பியதும் கம்பெனி அவரை ராணுவ விசாரணையில் நிறுத்தியது. அன்பளிப்பு வாங்கினார் என்பது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று கண்டு, இனிக் கம்பெனி வேலைக்குத் தகுதியற்றவர் என்றது. படையெடுப்பு தோற்றதற்கு ஒரு தனி மனிதரின் பேராசையும் ஒரு துபாஷியின் துரோகமும் காரணம் என்று சொல்லிவிட்டால் கம்பெனியின் மானம் தப்பும். எதிரி எழுதியது என்பதாலேயே கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளக் கூடாது. எதிரிக்கும் ஓர் ஆதாயம் உண்டு.

அதே படையெடுப்பில் ஆர்ம் எழுதிய இன்னொரு செய்தி அளவுகோலில் தேறிவிடுகிறது. நெற்கட்டும்செவலுக்கு வருமுன், திருநெல்வேலிக்குத் தெற்கே, அவர் ‘நெல்லிகோட்டா’ என்று எழுதும் ஒரு சிறு கோட்டையை ஹெரானின் படை பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் நானூறு பேர். பெண்கள், குழந்தைகள் என்று பார்க்காமல் வெட்டினார்கள். ஆறே பேர் மிஞ்சினார்கள். இதைப் பதிவு செய்ததில் கம்பெனிக்குப் பெருமை இல்லை. மேடைப் பேச்சாளருக்கும் இதில் வெற்றி முழக்கம் கிடைக்காது. அதனாலோ என்னவோ 1755 என்றால் நமக்கு நெற்கட்டும்செவல் நினைவுக்கு வருகிறது, அந்த நானூறு பேர் வருவதில்லை.

உடைந்த மதிலும் வைக்கோலும்

வாசுதேவநல்லூர் பெயர் கம்பெனிப் பதிவுகளில் இரண்டு முறை பெரிதாக வருகிறது. முதல் தடவை 1759 இறுதி. யூசுப்கான் திருவிதாங்கூர்ப் படையையும் சேர்த்துக்கொண்டு கோட்டையை முற்றுகையிட்டார். கல்லோ செங்கல்லோ இல்லாத, வெறும் மண்ணால் எழுப்பி முள்வேலி சூழ்ந்த கோட்டை அது. பீரங்கி மதிலில் ஓரளவு உடைப்பு ஏற்படுத்திய நேரத்தில் மருந்து தீர்ந்தது. மதிலில் ஏறப் போன படை ஒரு பக்கம் போரிட்டுக்கொண்டிருக்க, நெற்கட்டும்செவலிலிருந்து பூலித்தேவரின் ஆட்கள் காட்டை விட்டு வெளியே வந்து திருவிதாங்கூர் முகாமில் பாய்ந்தார்கள். முற்றுகை கலைந்தது. யூசுப்கான் மீண்டும் வந்து 1761இல் இந்தக் கோட்டைகளைப் பிடித்தார் என்பது அடுத்த அத்தியாயம்.

கோட்டைக்குள் இருந்தவர்களின் துணிச்சலை ஆங்கிலப் பதிவுகள் மெச்சுகின்றன. அந்தப் பாராட்டை நாம் விரும்பி மேற்கோள் காட்டுகிறோம். இங்கேயும் அதே கேள்வி வேண்டும். எதிரி அசாதாரணமானவன் என்றால் தோற்றவனின் அவமானம் பாதியாகக் குறையும். வென்றால் பெருமை இரட்டிப்பாகும். பாராட்டிலும் கணக்கு இருக்கிறது.

ஆனால் அந்தப் பாராட்டுக்கு நடுவே அகப்படும் ஒரு விவரம் வேறு மாதிரியானது. கான்சாகிபு இறந்தபின் பூலித்தேவர் மீண்டும் தலையெடுத்தார். 1767இல் கர்னல் டொனால்ட் கேம்ப்பெல் வாசுதேவநல்லூரை முற்றுகையிட்டார். பீரங்கி மதிலை உடைக்க உடைக்க, உள்ளே இருந்தவர்கள் பனங்கட்டையும் வைக்கோலும் போட்டு அடைத்துக்கொண்டே இருந்தார்கள். குண்டில் ஒருவர் விழுந்தால் அந்த இடத்துக்கு அடுத்தவர் வந்தார். கடைசியில் அடை மழையின் மறைவில் வெளியேறித் தப்பினார்கள் என்று கம்பெனியின் கடிதங்கள் சொல்கின்றன.

பனங்கட்டை, வைக்கோல் என்று கற்பனை செய்து எழுதுவதில் ஒரு கர்னலுக்கு என்ன கிடைக்கும்? ஒன்றும் இல்லை. ஆனால் இந்தச் சீமையில் விவசாயம் செய்தவருக்கு அந்த வரியைப் படித்ததும் சட்டென்று பிடிபடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளத்துக் கரை உடைந்தால் ஊர் திரண்டு போய் அடைப்பது இப்படித்தான்: பனங்கட்டையைக் குறுக்கே போட்டு, வைக்கோலும் களிமண்ணும் திணித்து மிதிப்பார்கள். மழை நீரைக் குளத்தில் தேக்கி வைத்துப் பயிரிடும் ஊர்களில் கரை காப்பது பரம்பரைப் படிப்பு. கோட்டைக்குள் இருந்தவர்களில் பலர் போர் இல்லாத நாளில் வயலில் இறங்குகிறவர்கள். குண்டு கல்மதிலைச் சிதறடிக்கும், மண்மதிலில் புதைந்துபோகும். நாரோடிய பனங்கட்டை பிளந்தாலும் சட்டென்று இரண்டாகாது. வைக்கோல் ஈர மண்ணைப் பிடித்து நிறுத்தும். குளத்தங்கரையில் கற்ற வேலை பீரங்கிக்கு எதிராகப் பயன்பட்டது என்பது என் ஊகம். ஆனால் அந்த ஊகத்துக்கு இடம் கொடுப்பது வீரத்தைப் புகழ்ந்த வரியல்ல, வைக்கோலைச் சொன்ன வரி.

இன்று அந்த மண்கோட்டையைத் தேடிப் போகிறவருக்கு மதில் கிடைக்காது. வாசுதேவநல்லூருக்கு வெளியூர்க்காரர்கள் வருவது சிந்தாமணிநாதர் கோயிலுக்கு. அங்கே சிவன் அர்த்தநாரீசுவரர் கோலத்தில் மூலவராக இருக்கிறார். மண்கோட்டையின் குணம் அது: நிற்கும்வரை பீரங்கியைத் தாங்கும், கைவிட்டால் சில மழைக்காலத்தில் மண்ணோடு சேர்ந்துவிடும். எழுத்தில் இருப்பதுதான் மிச்சம்.

அடையாறில் தோற்றவர்

யாருக்கும் ஆதாயம் தராத இன்னொரு செய்தி மாபூஸ்கானுடையது. 1746இல் சென்னையை பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது, மீட்பதற்கு நவாப் அன்வருதீன் அனுப்பிய பெரும்படைக்கு அவருடைய மகன் மாபூஸ்கான் தலைவர். அடையாறு முகத்துவாரத்தில் சில நூறு பேர் கொண்ட பிரெஞ்சுப் படையிடம் அந்தப் படை சிதறி ஓடியது. ஐரோப்பியப் பயிற்சி பெற்ற சிறு படை எவ்வளவு பெரிய குதிரைப்படையையும் முறியடிக்கும் என்பதை இந்தியாவுக்குக் காட்டிய சண்டை என்று நூல்கள் சொல்லும் போர் அது. அதே மாபூஸ்கான்தான் 1755இல் ஹெரானோடு நெற்கட்டும்செவலுக்கு வந்தவர். அடுத்த ஆண்டு மார்ச்சில் திருநெல்வேலிக்கு அருகே பூலித்தேவர் அணியை எதிர்த்து வென்றவரும் அவர்தான்.

அதன்பின் தம்பி முகமது அலியோடு அவருக்கு மனக்கசப்பு முற்றியது. சொந்தப் படை கரைந்தது. யாரை அடக்க வந்தாரோ அந்தப் பூலித்தேவரிடமே போய்ச் சேர்ந்து, அவர் ஆதரவில் காலம் தள்ளினார். பிறகு தம்பியோடு சமாதானமாகிப் போய்விட்டார். நவாப் குடும்பம் இதைச் சொல்லிக்கொள்ள விரும்பியிருக்காது. கம்பெனிக்கு, தன் கூட்டாளியின் அண்ணனே எதிரி வீட்டில் இருந்தது தலைக்குனிவு. பூலித்தேவரை ஒற்றை எதிரியும் ஒற்றைக் கொள்கையும் கொண்டவராகப் பாடுகிறவருக்கும், நவாப் வீட்டுப் பிள்ளைக்கு அவர் இடம் கொடுத்தது சிக்கலான விஷயம். அவர் ஒரு காலத்தில் திருவிதாங்கூரோடு கூட்டு வைத்தார், பிறகு அதே திருவிதாங்கூர் அவர் கோட்டைக்கு எதிரே நின்றது. நவாபை எதிர்த்த பட்டாணியத் தலைவர்கள் அவர் பக்கம் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான முடேமியா 1756 திருநெல்வேலிப் போரில் அவருக்காகப் போரிட்டு மாண்டார். மதம், சாதி, சீமை என்ற எல்லைகளைத் தாண்டி அரசியல் நடத்திய ஒரு மனிதர் இங்கே தெரிகிறார். புலியை அடக்கிய கதையில் அவர் தெரியவில்லை.

பெயர் கொடுத்த வாய்மொழி

அப்படியானால் ஊரார் சொல்லும் கதைகளை ஒதுக்கிவிடலாமா? அவற்றிலும் ஆதாயம் உண்டுதான்: தலைவனுக்குப் புகழ், சொல்பவருக்கு உறவு. ஆனால் எழுத்துப் பதிவில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஆர்மும் கால்டுவெல்லும் பாளையக்காரரின் பெயருக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அவர்களுக்கு மதில்மேல் நின்றவர்கள் எல்லாம் ஒரு கூட்டம். ஒண்டிவீரன், வெண்ணிக்காலாடி என்ற பெயர்கள் நமக்குக் கிடைத்தது வாய்மொழியால். குடல் சரிந்த வயிற்றைத் துணியால் கட்டிக்கொண்டு வெண்ணிக்காலாடி போரிட்டார் என்பதையோ, ஒண்டிவீரன் கை இழந்த விதத்தையோ பதிவைக் கொண்டு நிரூபிக்க முடியாது. ஆனால் கதைப்பாடலுக்குத் தலைவனாகும் வாய்ப்பு குறைந்த, ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த இரு படைத்தலைவர்களின் பெயரை இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் ஊர் காப்பாற்றி வந்திருக்கிறது. சம்பவத்தில் மெருகு ஏறியிருக்கலாம். ஆள் இருந்தார் என்பதை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. 2022இல் ஒண்டிவீரனுக்கு அஞ்சல்தலை வெளியானது அந்த வாய்மொழிக்குக் கிடைத்த முத்திரை.

பூலித்தேவரின் முடிவையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். பள்ளிப் பாடநூல் அவர் தப்பிச் சென்று தலைமறைவில் இறந்தார் என்கிறது. பிடித்துக் கொண்டுபோகும் வழியில் சங்கரன்கோவிலில் வழிபட அனுமதி கேட்டார், விலங்கு தெறிக்க, சோதியில் கலந்தார் என்கிறது ஊர். கோயிலில் அவர் பெயரால் ஓர் அறையும் இருக்கிறது. பார்க்கப்போனால் இரண்டும் சேருகிற இடம் ஒன்று உண்டு: அவர் உடல் கம்பெனியின் கையில் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அதைச் சொல்லிக்கொள்வதில் அவர்களுக்கு எவ்வளவு ஆதாயம்!

அந்த ஆதாயத்தைக் கான்சாகிபு விஷயத்தில் விடவில்லை. பூலித்தேவரை வென்று கொடுத்த யூசுப்கான், நவாபோடும் கம்பெனியோடும் பகைத்து மதுரைக் கோட்டையில் எதிர்த்து நின்றார். கூட இருந்தவர்களே பிடித்துக் கொடுக்க, 1764 அக்டோபர் 15இல் தூக்கிலிடப்பட்டார். உடலை வெட்டிப் பல ஊர்களுக்கு அனுப்பினார்கள் என்பது மரபு. மதுரை சம்மட்டிபுரத்தில் உள்ள அடக்கத்தலத்தின் மேல் 1808இல் பள்ளிவாசல் எழுந்தது. அவர் கதையைக் கமல்ஹாசன் படமாக எடுக்கத் தொடங்கிய 1997 அக்டோபர் விழாவில் சிறப்பு விருந்தினர் யார் தெரியுமா? இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத். கான்சாகிபு தூக்கில் தொங்கியபோது இங்கிலாந்தை ஆண்ட மூன்றாம் ஜார்ஜின் வழிவந்தவர். இதைக் கேட்டால் கட்டுக்கதை போலத்தான் இருக்கும், ஆனால் புகைப்படம் இருக்கிறது. நம்பும்படி இருக்கிறதா என்பது ஒருபோதும் அளவுகோல் ஆகாது.

துணுக்குச் சொல்வதை நிறுத்த வேண்டாம். சொல்லும்போது கூடவே இரண்டு சேதியையும் சேர்த்துக் கொடுத்தால் போதும்: இதை முதலில் சொன்னவர் யார், நடந்து எத்தனை நாள் கழித்துச் சொன்னார். செய்தி இரண்டு வரியிலிருந்து மூன்று வரியாகும், அவ்வளவுதான். அந்த மூன்றாவது வரியைக் கேட்டுப் பழகிய மாணவர், யாருக்கு என்ன ஆதாயம் என்ற அடுத்த கேள்விக்குத் தானாகவே வந்துவிடுவார். வாசுதேவநல்லூர், நெற்கட்டும்செவல் பிள்ளைகளுக்கு இதில் வெளியூர்க்காரருக்கு இல்லாத வசதி ஒன்று உண்டு. மண்மதில் எப்படி எழுப்புவார்கள், உடைந்த கரையை எதைக் கொண்டு அடைப்பார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டிலேயே ஆள் இருக்கிறது. லண்டனில் உட்கார்ந்து எழுதிய ஆர்முக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.